வெளியில் வாங்கிப் பொருத்தும் டர்போசார்ஜருக்குச் சரியான எண்ணெய் அழுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் நிறுவனமே டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சாதனம்) வைத்து அனுப்பும் எஞ்சினில், எண்ணெய் எந்தத் துளையிலிருந்து வர வேண்டும், எந்தக் குழாயில் திரும்ப வேண்டும், பேரிங்கை எவ்வளவு அழுத்தத்தில் அடைய வேண்டும் என்பதெல்லாம் வரைபட நிலையிலேயே முடிவாகிவிடும். வெளியில் வாங்கிய டர்போவைப் பொருத்தும்போது அந்தப் பொறுப்பு முழுவதும் பொருத்துபவரைச் சேர்கிறது. எஞ்சினுக்கு எஞ்சின் அளவுகள் மாறும் என்பதால், நிசான் சில்வியாவின் எஸ்ஆர்20டிஇடி எஞ்சினில் காரெட் ஜிடி2871ஆர் என்ற, ஷாஃப்ட் குண்டுகளின் மேல் சுழலும் பால் பேரிங் டர்போவைப் பொருத்துவதை இங்கே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறோம். பிற எஞ்சின்கள் தேவைப்படும் இடத்தில் பேசப்படும்.

டர்போவுக்கு எவ்வளவு எண்ணெய் அழுத்தம் தேவை?

டர்போவுக்குள் இருப்பது எந்த வகை பேரிங் என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. பால் பேரிங் டர்போக்களுக்கு, எஞ்சின் உச்ச வேகத்தில் ஓடும்போது டர்போவின் எண்ணெய் நுழைவாயிலில் 40 முதல் 45 பிஎஸ்ஐ வரை, அதாவது ஏறத்தாழ 2.8 முதல் 3.1 பார் வரை இருக்க வேண்டும் என்பது காரெட் நிறுவனத்தின் பரிந்துரை. ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் ஜர்னல் பேரிங் டர்போக்கள் இதைவிட அதிக அழுத்தத்தைத் தாங்கும். அவற்றுக்கு அது தேவையும்கூட. டீசல் உலகில் பெயர்பெற்ற ஹோல்செட் எச்எக்ஸ் வரிசையை எடுத்துக்கொண்டால், ஐட்லிங்கில் 10 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது, சுமையில் 30 பிஎஸ்ஐயாவது இருக்க வேண்டும், வழக்கமான ஓட்டத்தில் 72 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் நேரத்தில் மட்டும் 88 பிஎஸ்ஐ வரை போகலாம் என்று அதன் பழுதுபார்ப்புக் கையேடு வகுத்திருக்கிறது.

இந்த எண்கள் அனைத்தும் டர்போவின் வாயிலில் அளக்கப்படுபவை. எஞ்சின் பிளாக்கில் உள்ள அழுத்தத்தைக் குறிப்பவை அல்ல. இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இரண்டு பேரிங்குகளுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்?

ஜர்னல் பேரிங்கில் ஷாஃப்டைச் சுமப்பதே எண்ணெய்தான். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் ஒரு படலமும், புஷ்ஷுக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் மற்றொரு படலமும் நிற்கின்றன. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் ஷாஃப்டை உலோகத்தில் உரசவிடாமல் வைத்திருப்பவை இந்தப் படலங்களே என்பதால், எண்ணெய் ஓட்டம் தாராளமாக இருந்தாக வேண்டும். பால் பேரிங்கிலோ சுமையைக் குண்டுகள் தாங்குகின்றன. எண்ணெய் அவற்றை நனைக்கவும், பேரிங் கூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியில் நின்று அதிர்வை உள்வாங்கவும் வேண்டும். அதற்குக் குறைந்த அளவே போதும். மிகுதியான எண்ணெய் வந்தால் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே சுழல வேண்டியிருக்கும், சூடு ஏறும், வெளியேற வழி போதாமல் சீல்களின் பக்கம் தள்ளப்படும்.

எண்ணெய் ஓட்டம் குறைவாக இருப்பதால் பால் பேரிங் டர்போவின் வெப்பத்தை வெளியேற்றும் வேலை குளிர்நீரின் தலையில் விழுகிறது. எஞ்சினை நிறுத்திய பிறகு, எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் பக்கத்துச் சூடு மெல்ல உள்ளே பரவும்; அப்போது நீர் இணைப்பு இல்லையென்றால், மிகச் சரியான எண்ணெய் அழுத்தம் அமைத்திருந்தாலும் உள்ளே தேங்கிய எண்ணெய் கருகிப் படியும். நீர்க் குழாய் இணைப்பதை விருப்பத்துக்கு உரியதாகக் கருதுவது மிகத் தவறான சிக்கனம்.

டேஷ்போர்டு கேஜில் 70 பிஎஸ்ஐ காட்டுகிறது. டர்போவுக்கும் அதுதானே போகும்?

இல்லை. அந்த கேஜின் சென்சார் பிளாக்கின் ஆயில் கேலரியில், அதாவது எண்ணெய் ஓடும் முதன்மை வழியில், இருக்கிறது. அங்கிருந்து டர்போவை அடைவதற்குள் எண்ணெய் ஒரு டீ இணைப்பு, ஒரு ஹோஸ், ஒன்றிரண்டு வளைவுகள், பெரும்பாலும் ஒரு பாஞ்சோ போல்ட் (உள்ளே எண்ணெய் செல்லும்படி துளையிட்ட போல்ட்), அதன் பிறகு ரெஸ்ட்ரிக்டர் (ஓட்டத்தைக் குறைக்கும் சிறு துளையுள்ள இணைப்பு) என எல்லாவற்றையும் கடக்கிறது. ஒவ்வொன்றிலும் அழுத்தம் குறைகிறது.

அப்படியானால் சரியாக அளப்பது எப்படி?

ரெஸ்ட்ரிக்டருக்கும் டர்போவின் வாயிலுக்கும் இடையில் ஒரு டீ இணைப்பைத் தற்காலிகமாகப் பொருத்தி, அதில் 0 முதல் 100 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜையோ, இசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிவு செய்யக்கூடிய மின்னணு சென்சாரையோ இணைக்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டர் டர்போவின் வாயிலுக்குள்ளேயே அமரும் வகையாக இருந்தால் டீ இணைப்புக்கு இடம் கிடைக்காது. சோதனைக்காக மட்டும் அதே துளையளவுள்ள ரெஸ்ட்ரிக்டரை ஹோஸின் எஞ்சின் முனைக்கு மாற்றிக்கொண்டு அளக்கலாம். கேஜுக்குப் போகும் ஹோஸ் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் போகாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் அது பிய்ந்தால் சூடான எண்ணெய் நேராகப் பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் விழும். அழுத்தமுள்ள எண்ணெய்க் குழாயைக் காரின் உட்புறத்துக்குக் கொண்டுவரவே கூடாது. உள்ளிருந்து பார்க்க வேண்டுமென்றால் மின்னணு சென்சார்தான் வழி.

அளவு எடுப்பதற்கு முன் எஞ்சினை நன்றாகச் சூடேற்ற வேண்டும். கூலன்ட் சூடானால் போதாது. எண்ணெய் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி வர வேண்டும், இதற்குக் கூலன்டைவிட அதிக நேரம் பிடிக்கும். அதன் பிறகு ஐட்லிங், 2000, 3000, 5000, உச்ச ஆர்பிஎம் என ஒவ்வொரு நிலையிலும் இரண்டு அளவுகளையும், அதாவது பிளாக்கின் அழுத்தத்தையும் டர்போ வாயிலின் அழுத்தத்தையும், அருகருகே எழுதிக்கொள்ள வேண்டும். ஒற்றை எண்ணைவிட இந்தப் பட்டியல் பலமடங்கு பயனுள்ளது. ஆறு மாதம் கழித்து ஏதேனும் ஐயம் எழுந்தால், மாறியது எஞ்சின் அழுத்தமா அல்லது டர்போவுக்குப் போகும் வழியா என்பதை இதை வைத்தே பிரித்துச் சொல்லிவிடலாம்.

ரெஸ்ட்ரிக்டரின் துளை எவ்வளவு இருக்க வேண்டும்?

பால் பேரிங் டர்போக்களுக்கு 0.040 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.0 மி.மீ. துளையைக் குறைந்தபட்ச அளவாகக் காரெட் குறிப்பிடுகிறது. பெரும்பாலான எஞ்சின்களில் இது பொருந்தும் என்றாலும், பொருத்திய பிறகு அழுத்தத்தை அளந்து உறுதி செய்யும்படி அந்த நிறுவனமே சொல்கிறது. வாசகர்களில் பலர் முதல் பாதியைப் பின்பற்றிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அளக்க வேண்டியதன் காரணத்தை ஒரு கணக்கின் மூலம் காட்டலாம். ஒரு எஸ்ஆர்20 எஞ்சினில் எண்ணெய் சூடான நிலையில், 7000 ஆர்பிஎம்மில் பிளாக்கின் அழுத்தம் 75 பிஎஸ்ஐ என்றும், ஐட்லிங்கில் 20 பிஎஸ்ஐ என்றும் வைத்துக்கொள்வோம். 1.0 மி.மீ. ரெஸ்ட்ரிக்டருடன் டர்போ வாயிலில் உச்ச வேகத்தில் 42 பிஎஸ்ஐ கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். துளையின் வழியே செல்லும் ஓட்டம் துளையின் பரப்புக்கும், இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கும் ஏற்ப மாறும். டர்போவையும் ஒரு துளையாகக் கருதிக்கொண்டு இந்த எளிய விதியைப் பயன்படுத்தினால், அதே எஞ்சினில் 1.2 மி.மீ. துளை வைக்கும்போது வாயிலின் அழுத்தம் ஏறத்தாழ 54 பிஎஸ்ஐக்கு ஏறிவிடும். 0.8 மி.மீ. வைத்தால் 26 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடும். உண்மையான பேரிங் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றாது என்றாலும் போக்கு இதுதான்: 0.2 மி.மீ. வேறுபாடு, பரிந்துரைத்த எல்லையிலிருந்து மேலேயும் கீழேயும் வெகுதூரம் கொண்டுபோய்விடுகிறது.

ஆகவே பட்டறையில் கையால் துளையைப் பெரிதாக்குவது ஏற்கத்தக்கதல்ல. 1.0 மி.மீ. டிரில் பிட் சற்று ஆடினாலும் துளை நீள்வட்டமாகும், உள்விளிம்பில் பிசிறு நிற்கும். அளவு அச்சிட்ட ரெஸ்ட்ரிக்டரையே வாங்கி, புது டிரில் பிட்டின் பின்தண்டை உள்ளே நுழைத்துப் பார்த்து, சொன்ன அளவு இருக்கிறதா என்று சோதித்த பிறகு பொருத்துங்கள். விலை குறைந்த தொகுப்புகளில் அச்சிட்ட அளவும் உண்மையான அளவும் வேறாக இருப்பதுண்டு.

இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். சில டர்போக்களின் வாயிலிலேயே, அல்லது கூடவே வரும் பாஞ்சோ போல்டிலேயே, ரெஸ்ட்ரிக்டர் இருக்கும். அதை அறியாமல் இன்னொன்றை வைத்தால் இரண்டும் அடுத்தடுத்து நின்று டர்போவைப் பட்டினி போட்டுவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டர்போ வாயிலில் 60 பிஎஸ்ஐக்கு மேல் காட்டுகிறது. துளையைச் சிறிதாக்க வேண்டுமா?

வேண்டாம். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் பேரிங்கின் நுண்ணிய இடைவெளிகளில் மெதுவாகவே நகர்கிறது. ஓட்டம் குறைவதால் ரெஸ்ட்ரிக்டரில் இழக்கப்படும் அழுத்தமும் குறைகிறது. ஓட்டமே இல்லாவிட்டால் ரெஸ்ட்ரிக்டரின் இருபுறமும் ஒரே அழுத்தம்தான் இருக்கும். அதாவது, குளிர்ந்த நிலையில் கேஜ் உயர்ந்து நிற்பது அதிக எண்ணெய் போவதன் அடையாளம் அல்ல. அந்த எண்ணை நம்பித் துளையைச் சிறிதாக்கிவிட்டால், எண்ணெய் சூடாகி இளகிய பிறகு, டர்போ கடுமையாக உழைக்கும் நேரத்தில், தேவையான எண்ணெய் கிடைக்காது. குளிர்ந்த எஞ்சினை உயர்ந்த ஆர்பிஎம்முக்கு விரட்டாமல் இருப்பதே இதற்கான தீர்வு.

உச்ச வேகத்தில் சரியாக இருக்கிறது, ஐட்லிங்கில் மிகவும் குறைகிறது. என்ன செய்வது?

ரெஸ்ட்ரிக்டர் உச்சத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. எல்லா வேகத்திலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைக்கிறது. மேலே சொன்ன கணக்கில் 75 என்பது 42 ஆனால், ஐட்லிங்கின் 20 என்பது 11 ஆகிறது. எஞ்சினின் அழுத்தம் ஐட்லிங்கில் ஏற்கெனவே மெலிந்திருந்தால், உச்சத்தைச் சரிசெய்யப் போய் அடிப்பகுதியை இழந்துவிடுவோம்.

இதற்காகவே அழுத்த ரெகுலேட்டர்கள் விற்கப்படுகின்றன; டர்போஸ்மார்ட் நிறுவனம் 40 பிஎஸ்ஐக்கு அமைத்துத் தருவது இவ்வகையைச் சேர்ந்தது. ரெகுலேட்டர், அமைத்த அளவுக்குக் கீழே அழுத்தத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேல் போவதை மட்டும் வெட்டுகிறது. கனமான எண்ணெய் பயன்படுத்தும், அதிக கொள்ளளவுள்ள ஆயில் பம்ப் மாட்டிய பந்தய எஞ்சின்களில், உச்ச அழுத்தம் 90 பிஎஸ்ஐயைத் தொடும்போது ரெஸ்ட்ரிக்டரைவிட ரெகுலேட்டரே நல்லது என்பது என் கருத்து. சாதாரணமாகச் சாலையில் ஓடும் காருக்குச் சரியான ரெஸ்ட்ரிக்டரே போதும். அசையும் பாகம் இல்லாததால் அது பழுதாக வழியில்லை.

ஜர்னல் பேரிங் டர்போவுக்கும் ரெஸ்ட்ரிக்டர் வைக்கலாமா?

பொதுவாகத் தேவையில்லை. அழுத்தம் உண்மையிலேயே தயாரிப்பாளரின் எல்லையைத் தாண்டுகிறது என்று அளந்து தெரிந்தால் மட்டுமே வைக்க வேண்டும். பால் பேரிங்குக்கான 1.0 மி.மீ. ரெஸ்ட்ரிக்டரை ஜர்னல் பேரிங்கில் மாட்டுவது அதை அழிப்பதற்கான நேர்வழி.

எக்ஸாஸ்டில் நீலப் புகை வருகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் நின்றுவிடுமா?

நின்றாலும் நிற்கலாம்; ஆனால் அது நோயை மறைத்ததாகவே இருக்கும். டர்போவின் இரு முனைகளிலும் இருக்கும் சீல்கள், நாம் ஷாஃப்டுகளில் வழக்கமாகக் காணும் ரப்பர் சீல்கள் அல்ல. அவை பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள். எக்ஸாஸ்ட் வாயுவும் பூஸ்ட் காற்றும் (டர்போ அழுத்தித் தள்ளும் காற்று) உள்ளே வராமல் தடுப்பதே அவற்றின் முதல் வேலை. தேங்கி நிற்கும் எண்ணெயை அடக்கி வைக்க அவற்றால் இயலாது. பேரிங்கை விட்டு வெளியேறிய எண்ணெய் காற்றோடு கலந்து நுரைத்து, அழுத்தம் ஏதுமின்றித் தன் எடையால் மட்டுமே கீழே வழிந்து சம்ப்பை (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) அடைய வேண்டும். அந்த வழி தடைபட்டால் நடு ஹவுசிங் நிறைந்து, எண்ணெய் சீலைத் தாண்டும்.

எனவே அழுத்தத்தில் கைவைப்பதற்கு முன் ரிட்டர்ன் குழாயைப் பாருங்கள். அதன் உள்விட்டம் டர்போவின் அடித்துளையைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. பெரும்பாலானவற்றுக்கு ஏஎன்-10 அளவு (ஏஎன் என்பது ஹோஸ், இணைப்புகளின் அளவு வரிசை; எண் கூடினால் அளவும் கூடும்) போதுமானது. செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயாமல், எங்கும் தொய்ந்து பள்ளமாகாமல், சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே அது சேர வேண்டும். மட்டத்துக்குக் கீழே சேர்ந்தால், சம்ப்பின் எண்ணெயே வாயை அடைத்துக்கொள்ளும். டர்போவின் அடியில் மாட்டும் கேஸ்கட் பல கிட்களில் துளையைப் பாதி மறைக்கும்படி வெட்டப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். மிகச் சிறிய பொருள் என்பதால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை.

அடுத்தது கிராங்க்கேஸ் அழுத்தம், அதாவது பிஸ்டன்களுக்குக் கீழே உள்ள எஞ்சின் அடிப்பகுதியின் அழுத்தம். பிஸ்டன்களைத் தாண்டிக் கசியும் வாயு வெளியேற வழியில்லாமல் சம்ப்பில் தேங்கினால், ரிட்டர்ன் குழாயின் அடியிலிருந்து மேல்நோக்கி அது அழுத்தும். பூஸ்ட் வரும்போது மூடிக்கொள்ள வேண்டிய பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் வாயுவை எஞ்சினின் காற்று வழிக்கு அனுப்பும் வால்வு) கசிந்தாலும் இதே விளைவுதான். வால்வு கவரின் பிரீத்தர் குழாய்களைப் பெரிதாக்கி, ஒழுங்கான கேட்ச் கேனுக்கு (வாயுவோடு வரும் எண்ணெயைப் பிடிக்கும் டப்பா) கொண்டுபோன பிறகு புகை நின்றுவிட்ட கார்கள் ஏராளம். காற்றை உள்ளிழுத்து அழுத்தும் கம்ப்ரசர் பக்கம் மட்டும் எண்ணெய் கசிந்தால், ஏர் ஃபில்டர் அடைபட்டு அங்கே உறிஞ்சல் கூடியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, டர்போ வாயிலில் அளந்த அழுத்தமும் எல்லைக்கு மேல் இருந்தால்தான் அழுத்தம் குற்றவாளி.

எண்ணெயை எங்கிருந்து எடுப்பது?

ஃபில்டரைக் கடந்த பிறகு, பிளாக்கின் முதன்மை கேலரியிலிருந்து எடுப்பதே சிறந்தது. ஹோண்டா பி-சீரிஸ் போன்ற டர்போ இல்லாத எஞ்சின்களில், ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் துளையில் டீ இணைப்பு வைத்து எடுப்பது வழக்கம். சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் எண்ணெய் பல எஞ்சின்களில் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கும் என்பதால், ஹெட்டிலிருந்து எடுக்கும்போது எச்சரிக்கை தேவை. மிட்சுபிஷி 4ஜி63 எஞ்சின் கொண்ட முதல் தலைமுறை எக்லிப்ஸில் தொழிற்சாலை இணைப்பே ஹெட்டிலிருந்துதான் வந்தது; பெரிய டர்போ வைப்பவர்கள் அதை ஃபில்டர் ஹவுசிங்குக்கு மாற்றினார்கள். அங்கே அழுத்தம் கணிசமாக அதிகம். ஜர்னல் பேரிங்குக்கு அது நன்மை. பால் பேரிங்குக்கு மாறினால் ரெஸ்ட்ரிக்டர் கணக்கை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

இணைப்புகளின் மரைகளில் மிகுந்த கவனம் தேவை; பிஎஸ்பிடி, என்பிடி என்று இரு வேறு குழாய் மரைத் தரங்கள் உண்டு. ஜப்பானிய எஞ்சின்களின் சென்சார் துளை பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி. அங்குலத்துக்கு 28 மரைகள், 55 டிகிரி கோணம். கடையில் எளிதாகக் கிடைப்பதோ 1/8 என்பிடி. 27 மரைகள், 60 டிகிரி. இரண்டும் முதல் சில சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும், அதன் பிறகு இறுகும், பொருத்துபவர் சரியாகத்தான் இறுக்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். அலுமினிய ஹவுசிங்காக இருந்தால் விரிசலே விழலாம். டர்போவின் முனையிலும் இதே சிக்கல் இருக்கிறது: பல காரெட் பால் பேரிங் டர்போக்களின் வாயில் மரை 7/16-24, ஏஎன்-4 இணைப்பின் மரை 7/16-20. விட்டம் ஒன்றே என்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மரை அளவி வைத்துப் பார்க்காமல் எதையும் இறுக்காதீர்கள்.

ஹோஸ் எந்த அளவில் இருக்க வேண்டும்? டெஃப்லான் டேப் சுற்றலாமா?

பால் பேரிங்குக்கு ஏஎன்-3 அல்லது ஏஎன்-4, ஜர்னல் பேரிங்குக்கு ஏஎன்-4. வெளியே எஃகுப் பின்னலும் உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழலும் உள்ள ஹோஸே வெப்பத்தைத் தாங்கும். டேப் சுற்றக் கூடாது. இறுக்கும்போது அறுந்த ஒரு நூலளவு துண்டு 1.0 மி.மீ. துளையை அடைக்கப் போதுமானது. கூம்பு மரைகளில் திரவ சீலன்டை, முதல் இரு மரைகளை விட்டுவிட்டு, மெலிதாகத் தடவினால் போதும். ஏஎன் இணைப்பின் கூம்பு முகத்துக்கு எதுவுமே தேவையில்லை.

ஹோஸில் தனி ஃபில்டர் வைப்பது நல்லதா?

பராமரிப்பவருக்கு நல்லது, மறப்பவருக்கு ஆபத்து. சுபாருவின் ஈஜே டர்போ எஞ்சின்கள் சிலவற்றில் எண்ணெய் வழியின் பாஞ்சோ போல்டுக்குள் ஒரு சிறு வலை இருந்தது. அது கசடால் அடைபட்டு டர்போக்கள் எண்ணெயின்றிப் பழுதானது அந்தக் கார் வைத்திருப்போர் நன்கறிந்த வரலாறு. வைப்பதானால் ரெஸ்ட்ரிக்டருக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

எண்ணெயின் கிரேடை மாற்றினால் மீண்டும் அளக்க வேண்டுமா?

ஆம். 5டபிள்யூ-30 இலிருந்து 10டபிள்யூ-60க்குப் போனால் பிளாக்கின் அழுத்தமும் மாறும், பேரிங்கின் தடையும் மாறும்.

முதல் முறை எஞ்சினைக் கிளப்பும்போது என்ன செய்ய வேண்டும்?

வாயிலில் சுத்தமான எஞ்சின் எண்ணெயை ஊற்றி, கம்ப்ரசர் வீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிறகு எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ரிட்டர்ன் குழாயின் அடிமுனையைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் வைத்து, எண்ணெய் வழியும் வரை ஸ்டார்ட்டரை இடையிடையே நிறுத்தி இயக்குங்கள். எண்ணெய் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே குழாயை மாட்டி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கிளம்பியதும் சில விநாடிகளுக்குள் டர்போ வாயிலின் கேஜ் எழ வேண்டும். எழாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். சில நிமிடங்கள் ஐட்லிங்கில் விட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆர்பிஎம்மைக் கூட்டலாம்.

எண்ணெய் போதாமல் ஓடியிருக்கிறது என்பதை எப்படி அறிவது?

கழற்றிப் பார்த்தால் ஷாஃப்டின் பேரிங் அமரும் இடங்கள் வைக்கோல் நிறத்திலிருந்து கருநீலம் வரை நிறம் மாறியிருக்கும். ஜர்னல் பேரிங் டர்போவில் அழுத்தப் பற்றாக்குறையை முதலில் உணர்வது பெரும்பாலும், ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்தான்: அதன் முகத்தில் எண்ணெய் பரவ வேண்டிய சரிவுகள் தேய்ந்து மட்டமாகி, நுண் துளைகளின் வாயில் பித்தளை இழுபட்டிருக்கும். காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே, ஷாஃப்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தால் அசைவு விரலுக்குத் தெரியும். கம்ப்ரசர் வீலின் விளிம்பு ஹவுசிங்கில் பளிச்சென்று ஒரு கோடு போட்டிருக்கும். பக்கவாட்டில் சிறிது அசைவது ஜர்னல் பேரிங்கில் இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். முன்பின் அசைவுதான் கெட்ட செய்தி. இந்த நிலையில் புது டர்போவை மட்டும் மாட்டிவிட்டு, பழைய ஹோஸையும் ரெஸ்ட்ரிக்டரையும் அப்படியே விட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

அமைத்து முடித்த பிறகு எப்போது மீண்டும் சோதிப்பது?

எண்ணெய் கிரேடு, ஆயில் பம்ப், ஆயில் கூலர், ஹோஸ் ஆகியவற்றில் எதை மாற்றினாலும், எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தாலும் முழுப் பட்டியலையும் மறுபடி எடுக்க வேண்டும். எதையும் மாற்றாவிட்டாலும், பந்தயத் தளத்தில் ஓடும் காருக்கு ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ரெஸ்ட்ரிக்டரைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளையில் கருகிய படிவு இருக்கிறதா என்று பாருங்கள். டர்போவின் வாயிலிலேயே அமர்ந்திருக்கும் ரெஸ்ட்ரிக்டருக்கு வெப்பம் அதிகம் என்பதால் படிவும் அங்கே விரைவாகச் சேரும். படிவு இருந்தால் கம்பியால் குத்தாமல் கார்ப் கிளீனரில் (கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் திரவம்) ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள். துளை சுரண்டப்பட்டிருந்தால் புதியது மாற்றிவிடுங்கள்.